நாற்பத்தேழாம் கம்பம்

ஏப்ரல் 24, வியாழன்

பூரணி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி நாலு மாதமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. "ஃபோன்ல பேசுனா கோவந்தான் படுதீங்க, இதுல எழுதுங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்தாள். பதினைந்து வயதில் வாய் இவ்வளவு நீளம். சரி, எழுதிப் பார்ப்போம்.

இந்த மலைக்கு லைன்மேனாக வந்து ஆறு வருஷம். வெள்ளோடை எஸ்டேட்டைச் சுற்றி அறுபத்திரண்டு மின்கம்பங்கள் என் பொறுப்பு. தெய்வானையும் பூரணியும் சங்கரன்கோவிலில் இருக்கிறார்கள். இங்கிருந்து கிளம்பினால் மறுநாள் காலையில்தான் வீட்டு வாசலை மிதிக்க முடியும். மாறுதல் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மழைக்கு முன் லைனோரக் கிளைகளை வெட்டுகிற வேலை நடக்கிறது. நாளைக்குள் 47-ஆம் கம்பம் வரை முடித்தால் திங்கள் வரை லீவு என்று ஏ.இ. (உதவிப் பொறியாளர்) இளம்பரிதி சொல்லிவிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், இருந்தாலும் சார். ஞாயிற்றுக்கிழமை பூரணிக்கு மாவட்டக் கபடித் தேர்வு.

சாயங்காலம் டீக்கடையில், ரோட்டில் கொடி பிடித்து நிற்கிற ஜெசிந்தா ஏதோ கிளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையாட்டி வைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

47 முடிந்தது. அந்த இடத்தில் லைன் சாலையைக் குறுக்கே தாண்டுகிறது. 47 மேல்பக்கம், 48 கீழ்பக்கம். மேலே நிற்கிற சந்தன வேம்பின் ஒரு கிளை, லைனுக்கு மேலாகப் போய் அந்தப் பக்கத்துப் பலாமரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கயிறு கட்டி, ஒயர்மேல் சாய்கிற பக்கத்தை மட்டும் கழித்து இறக்கினால் இரண்டு மணி நேரம். அடியோடு வெட்டினால் இருபது நிமிஷம். அடியோடு வெட்டினேன்.

கிளையில் யாரோ நீலத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கிரீஸ் துடைக்க ஆகும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

3.40 பஸ். ஜன்னலோர சீட்.

ஏப்ரல் 28, திங்கள்

பூரணி தேர்வாகிவிட்டாள், மாற்று ஆட்டக்காரியாக. உள்ளே இறக்கிய பத்து நிமிஷத்தில் மூன்று பேரைப் பிடித்துப் போட்டாள். மைதானத்தில் நான்தான் அதிகம் சத்தம் போட்டேன் என்று தெய்வானை சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். கிளம்பும்போது, "நீங்க வந்தா வீட்டுக்கு விருந்தாளி வந்த மாரிதான் இருக்கு. நல்ல தட்டு எடுத்து வைக்கேன், நீங்க போனதும் கழுவி உள்ள வச்சிருதேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தத் தட்டு மனதைவிட்டுப் போகவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரோட்டிலேயே மறித்துக்கொண்டாள் ஜெசிந்தா. முன்பு கொழுந்து பறித்தவள். இப்போது குரங்கு ஆராய்ச்சிக்காரர்களிடம் சம்பளத்துக்கு இருக்கிறாள். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துவதும், அவற்றை எண்ணி நோட்டில் எழுதுவதும் வேலை. இருபத்தொன்று இருக்கின்றனவாம். சாலைக்கு மேலே எட்டு ஏக்கர் துண்டுக்காடு, கீழே பெரிய காடு. இரண்டையும் சேர்த்துவைத்தது அந்த ஒரு கிளைதான் என்கிறாள்.

"அன்னைக்கே டீக்கடைல சொன்னேன்லண்ணே. நீலத்துணி கட்டுன கெளைய மட்டும் விட்ருங்கன்னு."

துணியெல்லாம் எதுவும் இல்லை, காற்றில் போயிருக்கும் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கீழே கிடந்த கிளையைப் போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குரங்குக்கு வழியில்லையாம். எனக்கு மட்டும் யார் வழி விட்டார்கள்?

இன்று முதல் இன்சுலேட்டர் மாற்றுகிற வேலை. தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்தி லைனைச் செத்த ஒயராக்கிவிட்டு வேலை செய்வோம்.

மே 2, வெள்ளி

இன்று ஒரு வேடிக்கை. 51-இல் தொங்கிக்கொண்டிருந்தேன். பத்தே காலுக்கு, வெட்டிய கிளையின் மொட்டைக் குச்சியில் பெரிய ஆண் குரங்கு ஒன்று வந்து உட்கார்ந்தது. முகத்தைச் சுற்றிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேலும் கீழும் பார்த்தது. பிறகு ஒயரில் இறங்கி, ஒன்றில் காலும் ஒன்றில் கையுமாக நடந்து, 48-க்குப் போய்ப் பலாமரத்தில் தாவியது. பின்னாலேயே மொத்தக் குடும்பமும். டிக்கெட் இல்லாமல் என் லைனில் பயணம்.

மனசு லேசானது. கிளை போனால் போகட்டும், ஒயர் இருக்கிறது. ஜெசிந்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. "கரண்டு வந்தா?" என்றாள். லைன் என் கையில் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மே 6, செவ்வாய்

ராயப்பண்ணன் இன்று பூராவும் புலம்பல். அவர் எங்கள் ஒயர்மேன், இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவர், டிசம்பரில் ஓய்வு. சித்திரையில் நாலு மழையாவது விழுமாம், இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. மேல்காட்டு ஓடையில் கல்தான் இருக்கிறது. வைகாசியில் பழுக்க வேண்டிய அத்தி மாசியிலேயே பழுத்து உதிர்ந்துவிட்டது. "முன்னெல்லாம் அதுங்க வாரத்துக்கு ஒருக்கா ரோட்டத் தாண்டும். இப்ப டெய்லி தாண்டுது. மேல தின்ன ஒண்ணுமில்ல, குடிக்கத் தண்ணியில்ல. என்ன பண்ணும்?" என்கிறார்.

சரியாகப் பத்தே காலுக்குக் குடும்பம் ஆஜர். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இவ்வளவு நேரம் தவறாமல் வராது. ஒன்று குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு போயிற்று. ராயப்பண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மே 9, வெள்ளி

துணி துவைத்தேன். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. தெய்வானை ஃபோன் எடுக்கவில்லை. குடும்பம் 10.14.

மே 13, செவ்வாய்

இன்சுலேட்டர் வேலை முடிந்தது. ஏ.இ. டீ வாங்கிக் கொடுத்தார். பதினைந்து நாளில் இந்த ஃபீடரில், எங்கள் மின்பாதையில், ஒரு கோளாறு இல்லை என்று பாராட்டினார். மாறுதல் பட்டியலில் என் பெயர் மேலே வந்திருப்பதாகவும் சொன்னார். நாளையிலிருந்து லைன் கிளியர் கிடையாது.

மே 14, புதன்

10.16-க்கு ஃபீடர் ட்ரிப் ஆகி, கரண்ட் தானாக நின்றது. ராயப்பண்ணனும் நானும் லைனோடு நடந்து பார்த்தோம். 47-க்கும் 48-க்கும் நடுவில். மின்தடைப் பதிவேட்டில் காரணம்: மரக்கிளை. 11.05-க்குச் சப்ளை கொடுத்தாயிற்று.

சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். மண் வாடை போகவில்லை.

மே 15, வியாழன்

ராயப்பண்ணன் கிரீஸ் துடைக்கத் துணி கேட்டார். இல்லை என்றேன்.

மே 19, திங்கள்

ஜெசிந்தா ஐந்து நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். இருபதுதான் வருகிறதாம். குட்டி ஒன்று தாய் இல்லாமல் இன்னொரு பெண் குரங்கின் முதுகைத் தொற்றிக்கொண்டு திரிகிறதாம். கூட்டம் இரண்டு நாள் லைன் பக்கமே வரவில்லை, இப்போது ரோட்டில் இறங்கி நடக்கிறது.

"அன்னைக்கு கரண்டு போச்சேண்ணே, எதுனால?"

மரக்கிளை என்றேன். அவள் சந்தன வேம்பை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஏது கிளை? நான்தான் ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டேனே.

அவளும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் டீ குடித்தோம்.

மே 27, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. கொசுவும் இல்லை, குளிரும் இல்லை. மே மாதத்தில் இந்த மலையில் ஃபேன் தேடுகிறவன் நானாகத்தான் இருக்கும்.

ஜூன் 4, புதன்

47-இல் கூட்டு ஆய்வு. எஸ்டேட் மேனேஜர், வனத்துறை ரேஞ்சர், ஏ.இ., குரங்கு ஆராய்ச்சிக்காரர் ஒருவர், ஏணி தூக்க நான். ஆராய்ச்சிக்காரர் மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு காட்டையும் இணைத்து மரத்துக்கு மரம் ஒரு தொங்குபாலம் கட்ட வேண்டும். பக்கத்திலேயே லைன் இருப்பதால், முந்நூறு மீட்டருக்கு உறை போட்ட ஒயராக மாற்ற வேண்டும். பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டுவந்து காட்டினார். அதைப் பின்னித்தான் பாலமாம். மழையும் பழமும் இப்படித் தப்பித் தப்பி வந்தால் எட்டு ஏக்கருக்குள் எந்தக் கூட்டமும் பிழைக்காது, போக வர வழி இருந்தால்தான் பிழைக்கும் என்றார்.

ஏ.இ. நல்ல மனுஷன்தான். ஆனால் கையில் இருப்பதைத்தான் அவரும் கொடுக்க முடியும். உறை போட்ட ஒயர் இந்த வருஷம் ஓரிடத்துக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. விலங்கு அடிபட்ட இடத்துக்கு முன்னுரிமை. பதிவேட்டைப் புரட்டினார். "47-இல் அப்படி ஒரு பதிவும் இல்லையே. மே 14-கூட மரக்கிளைதான்" என்றார். ஒயர் வேறு ஃபீடருக்குப் போகும், மாதக் கடைசியில் பட்டியல் அனுப்பிவிடுவாராம். உறை ஒயர் இல்லாமல் லைன் பக்கத்தில் பாலம் கட்ட அவர் கையெழுத்துப் போட மாட்டார். போடவும் கூடாது.

ஜெசிந்தா யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் ஏறாத ஏணி.

ஜூன் 12, வியாழன்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. சங்கரன்கோவில். ஜூலை 10-க்குள் சேர வேண்டும். என்மேல் எந்தக் குற்றச்சாட்டும் நிலுவையில் இல்லை என்று ஏ.இ. ஒரு சான்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஃபோனில் சொன்னதும் தெய்வானை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று புரிந்தது. பூரணி பிடுங்கிப் பேசினாள். ஆகஸ்டில் மண்டலப் போட்டியாம். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரணும். ஆனா கத்தக் கூடாது" என்று நிபந்தனை.

ஆறு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சத்தியமாக.

ஜூன் 15, ஞாயிறு

பெட்டி கட்டினேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் என்று ராயப்பண்ணன் சிரித்தார். வேலைப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். ஸ்பானர், டேப், நீலத் துணி. ஓரத்தில் வெள்ளைப் பூ போட்ட சேலைத் துணி. கிரீஸ் ஒரு பொட்டுகூடப் படவில்லை. தூக்கிப் போட்டிருக்கலாம். மடித்துப் பர்சுக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஜூன் 18, புதன்

மழை இன்னும் வரவில்லை. கூட்டம் ரோட்டில் இறங்கிக் கடந்தபோது சுற்றுலா ஜீப் ஒன்று வளைவில் திரும்பியது. ஜெசிந்தா கொடியை வீசிக்கொண்டு அதன் முன்னால் ஓடினாள். டிரைவர் பிரேக் போட்டு, அவளைத்தான் திட்டினான். அவள் தடுக்கி விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு. நான் என் வண்டியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் மருந்து போட்டுவிட்டேன். வழியெல்லாம் அவள் அந்தத் தாயில்லாத குட்டியைப் பற்றியே பேசினாள். வளர்ப்புத் தாய்க்குப் பால் இல்லையாம், இலைக்கொழுந்தைத் தின்னப் பழகிவிட்டதாம். "பொழச்சுக்கும்ண்ணே, கெட்டிக்காரக் குட்டி" என்றாள். நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மணி பதினொன்று ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

52-இல் ஒயரோடு ஒயரை இணைக்கிற ஜம்பர் அறுந்துபோனது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இன்றுதான் காலையில் லைன் கிளியர் எடுத்தேன். பத்து மணிக்கு ஏறினேன். மேலே இருந்து பார்க்கிறேன், 10.15-க்குப் பெரிய ஆண் மொட்டைக் குச்சியில் வந்து உட்கார்ந்தது. பின்னால் மற்றவை. அது என்னைப் பார்த்தது. நன்றாகத் தெரியும், என்னைத்தான் பார்த்தது. நான் கம்பத்தில் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு ஒயரில் காலை வைத்தது.

அப்போதுதான் உறைத்தது. ஏப்ரல் 29-லிருந்து மே 13 வரை பதினைந்து நாள், தினமும் பத்து மணிக்கு நான் கரண்டை நிறுத்தியிருக்கிறேன். தினமும் பத்தேகாலுக்கு அவை நடந்திருக்கின்றன. ஒயர்தான் வழி, பயமில்லை என்று நானே அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதினாறாம் நாள் அதே நேரம் வந்தன. நான் ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். லைனில் பதினோராயிரம் வோல்ட்.

கிளையை வெட்டியதோடு நின்றிருந்தால் அவை ரோட்டிலாவது இறங்கிப் போயிருக்கும். வேடிக்கை என்று எழுதினேனே. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன், கிழிக்கவில்லை.

கடைசிக் குட்டி கடக்கும் வரை, அதற்கப்புறமும் அவை திரும்பி வருமோ என்று பயந்து, லைனுக்குச் சப்ளை கொடுக்காமலே வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் என்று வாங்கிய லைன் கிளியர் நாலு மணி நேரம் ஆனது. தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஏ.இ.க்கு ஏழு ஃபோன். அவர் எனக்கு எட்டு. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதான். தினமும் இப்படி நிறுத்த முடியுமா? நான் போன பிறகு வருகிறவனிடம், குரங்குக்காகப் பத்து மணிக்குக் கரண்டை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா?

ஜூன் 25, புதன்

சாப்பிடவில்லை. ராயப்பண்ணன் கேரியரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். போகும்போது, "தம்பி, நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம். ஆனா எனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 26, வியாழன்

காலை ஒன்பதரைக்குப் பதிவேட்டை எடுத்தேன். மே 14. மரக்கிளை என்பதை ஒரே கோடாக அடித்தேன். "சிங்கவால் குரங்கு, பெண், ஒன்று. 47-48 இடையே. மின்சாரம் தாக்கி இறந்தது. உடலை நான் தேயிலைத் தோட்ட வடிகால் கானில் புதைத்தேன். காரணத்தைப் பொய்யாக எழுதியவன் நான்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

ஏ.இ. படித்தார். கதவைச் சாத்தினார். "பால்வண்ணன், இந்தப் பக்கத்த நான் இன்னும் பாக்கலன்னு வெச்சுக்கலாம். ரெண்டே வாரத்துல நீங்க ஊர்ல இருப்பீங்க" என்றார். மனசார, என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"பாத்துட்டீங்க சார்" என்றேன்.

பிற்பகல் ரேஞ்சரைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். தோண்டினார்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன். புதைத்த அன்று அதன் மடியில் பால் கட்டியிருந்தது. அதை இத்தனை நாளும் எழுதாமல் இருந்தேன்.

வாக்குமூலத்தில், ராயப்பண்ணன் அப்போது ஸ்விட்ச் அருகில் நின்றார், எதையும் பார்க்கவில்லை என்று எழுதினேன். ஸ்விட்ச் அங்கிருந்து நாற்பதடிதான். ரொம்பப் பெரிய பொய் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மெமோ வந்தது. விசாரணை முடியும் வரை மாறுதல் நிறுத்திவைப்பு. விசாரணை முடிய ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். 47-ஐ உறை ஒயர்ப் பட்டியலில் முதலிடத்தில் வைத்து ஏ.இ. இன்றே அனுப்பிவிட்டார்.

தெய்வானையிடம் முழுவதும் சொன்னேன். கிளையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பஸ்ஸுக்காக வெட்டியதையும் சொன்னேன்.  கடைசியில், "பூரணிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது" என்று ஃபோனைக் கொடுத்தாள்.

பூரணி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப என் ஆட்டத்தப் பாக்க வந்ததுனாலதான் அது செத்துச்சாப்பா?" என்றாள். இல்லவே இல்லை, அப்பாவின் சோம்பேறித்தனத்தால் செத்தது என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டிவிட்டது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து ரோடு அடைப்பு. மேலிருந்து கீழே போக முடியாது, கீழிருந்து மேலே வர முடியாது. ஐந்து கம்பம் சாய்ந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை ஆணியில் மாட்டினேன். ஸ்வெட்டர் அடியில் கிடந்தது.

ஜூலை 10, வியாழன்

சேர வேண்டிய தேதி. 33-இல் ஃபியூஸ் போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ரோடு அடைபடுமுன்பே வந்து இறங்கியிருந்த உறை ஒயரை இழுத்து முடித்தோம். மூன்று நாள் வேலை. இன்று பாலம். சந்தன வேம்பின் அடிமரத்திலிருந்து பலாமரம் வரை, பின்னிய குழாயை நானும் ராயப்பண்ணனும் ஏறிக் கட்டினோம். ஆராய்ச்சிக்காரர் கீழே நின்று அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தார். முடிச்சு எப்படிப் போடுவது என்று லைன்மேனுக்கே சொல்லித்தருகிறார். பொறுத்துக்கொண்டேன்.

பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கிறது. பழைய கட்டிலைப் பிரித்துத் தொங்கவிட்ட மாதிரி.

ஜூலை 29, செவ்வாய்

வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

வருகின்றன, பார்க்கின்றன, போய்விடுகின்றன. பாலத்தை நம்பவில்லை. யார் சொல்லிக்கொடுப்பது? முன்பு சொல்லிக்கொடுத்தவனின் லட்சணம்தான் தெரியுமே. மழை விட்ட இடைவெளியில் ஜெசிந்தாவும் நானும் ரோட்டோரத்தில் குடை பிடித்து நிற்கிறோம். எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் பத்து மணி ஆனால் கால் தானாக அங்கே போய்விடுகிறது.

பூரணி இன்னும் என்னிடம் பேசவில்லை. மண்டலப் போட்டி நாளை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூரணி அணி தோற்றுவிட்டது. தெய்வானைதான் சொன்னாள். பூரணி இரண்டு பேரைப் பிடித்தாளாம். "கத்த ஆளில்லாம மைதானமே ஒரு மாரி இருந்துச்சாம், உங்க மவ சொல்லுதா" என்றாள். பின்னாலிருந்து, "நான் ஒண்ணும் சொல்லல" என்று ஒரு குரல் கேட்டது. முப்பத்தேழு நாளைக்குப் பிறகு அவள் குரல்.

ஆகஸ்ட் 9, சனி

10.40. பெரிய ஆண் சந்தன வேம்பில் வந்து உட்கார்ந்தது. பாலத்தைக் கையால் இழுத்துப் பார்த்தது. மோந்தது. ஒரு காலை வைத்து எடுத்தது. பிறகு நடந்தது. நடுவில் நின்று கீழே ரோட்டைப் பார்த்தது. போய்விட்டது. பலாமரம் ஆடியது. பின்னாலேயே ஒவ்வொன்றாக. ஜெசிந்தா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது. கடைசியாக அந்தக் குட்டி. யார் முதுகிலும் இல்லை. குழாயை நாலு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, நின்று நின்று, தானாகவே போய்ச் சேர்ந்தது.

"இருபது" என்றாள் ஜெசிந்தா.

பர்சிலிருந்து நீலத் துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.  அவள் துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ண்ணே. அன்னைக்கே கெளையப் புரட்டிப் பாத்தேன்ல. நாலு முடிச்சுப் போட்டுக் கட்டுனது. காத்துல அவுராது."

பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிருந்தா நீங்க இல்லன்னுருப்பீங்க. எல்லாரும் உங்களத்தான் நம்பிருப்பாங்க. அப்புறம் நீங்களா எழுதவே முடியாம போயிருக்கும்."

அவள் துணியைப் பாலம் கட்டிய அடிமரத்தில் சுற்றி, நாலு முடிச்சுப் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை என்று சொல்லவும் வழியில்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

குட்டி கடந்ததை ஃபோனில் எடுத்திருந்தேன். பூரணிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "இது அம்மா இல்லாததா?" ஆமாம் என்றேன். "எங்களுக்குக் காலாண்டு லீவு செப்டம்பர் கடைசில. ரோடு சரியாயிருமா?" என்று கேட்டிருந்தாள். சரியாகிவிடும் என்று எழுதினேன். எழுதிவிட்டு, ஒன்பதாவது வளைவு வரை வண்டியில் போய் மண் அள்ளுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஃபீடரில் இன்று ட்ரிப் இல்லை. லைன் கிளியரும் எடுக்கவில்லை. அவை கடந்தபோது ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.